டாக்டரைக் கேளுங்கள்: முகத்தில் அடிபட்டால்

முகக் காயங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் முகம், தாடை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் தம்பி இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து, நெற்றியும் புருவமும் கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தான். எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவருக்குத் தாடை வீக்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தார். அவரை உடனே உள்ளே அழைத்துக்கொண்டவர்கள், என் தம்பியின் நெற்றியில் துணியை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லி அரை மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். இது என்ன நியாயம், டாக்டர்?

பதில்: ரத்தம் வழியும் முகத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது யாருக்கும் எளிதன்று. ஆயினும், இருவரில் யாரை முதலில் பார்ப்பது என்று என்னைக் கேட்டிருந்தால், நானும் தாடை வீங்கியவரைத்தான் கைகாட்டியிருப்பேன்.

முகத்துக்கும் தலைத்தோலுக்கும் ரத்த ஓட்டம் மிக அதிகம். அதனால் ஓர் அங்குலக் கிழிசல்கூடச் சட்டையை நனைத்துவிடும். அதே காரணத்தால் முகப்புண் விரைவில் ஆறவும் செய்யும். இப்படிக் கொட்டும் ரத்தம் பெரும்பாலும் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது. வளர்ந்த ஒருவருக்கு முகத்திலிருந்து வெளியே வழியும் ரத்தம் மட்டுமே ரத்த அழுத்தத்தைச் சரிய வைப்பது அரிது. ஆகவே முகம் கிழிந்து வந்தவரின் நாடி வேகமாகவும் மெலிந்தும் அடித்தால், முகத்தை விட்டுவிட்டு நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை ஆகியவற்றுக்குள் எங்கே ரத்தம் கசிகிறது என்று முதலில் தேட வேண்டும். எல்லோருடைய கண்ணும் முகத்திலேயே நின்றுவிடும்போது, வயிற்றுக்குள் கசிவது கவனிக்கப்படாமல் போகும். இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. சிறு குழந்தைகளின் உடலில் உள்ள மொத்த ரத்தமே குறைவு என்பதால் கொஞ்சம் போனாலும் அது பெரிய இழப்பு. முகத்தின் நடு எலும்புகள் நொறுங்கியவருக்கு ரத்தம் வெளியே வராமல் தொண்டையின் பின்புறமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் அதை விழுங்கிக்கொண்டே இருப்பார். நாம் அளவு தெரியாமல் நிற்போம்.

இனி அந்தத் தாடை வீங்கியவர். நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும் தசைகள், கீழ்த்தாடையின் நடுப்பகுதியில், மோவாய்க்கு உட்புறமாக ஒட்டியிருக்கின்றன. தாடை இரண்டு பக்கமும் முறிந்தால் அந்த நடுத்துண்டு பிடிமானமற்றுப் பின்னால் சரியும்; நாக்கும் அதனோடு சேர்ந்து சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் குனிந்திருக்கும்வரை அவர் தாக்குப்பிடிப்பார். மல்லாக்கப் படுக்க வைத்தால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறிவிடும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஓர் இரவு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை அழைத்து வந்தார்கள். மோவாய்க்குக் கீழே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றி, வாயிலிருந்து ரத்தம் கலந்த எச்சில் நூலாக இறங்க உட்கார்ந்திருந்தார். பரிசோதிக்க வேண்டும், படுங்கள் என்று நான் அவருடைய தோளை அழுத்தினேன். என் கையைத் தட்டிவிட்டார். இரண்டாம் முறையும் அழுத்தினேன். இன்னும் பலமாகத் தட்டிவிட்டார். குடித்திருப்பார் போலும் என்று நினைத்துக்கொண்டு உதவிக்கு ஆள் தேடியபோது, மூத்த செவிலியர் ஒருவர், “விடுங்க டாக்டர், அவருக்குப் படுத்தா மூச்சு வராது, உட்காரட்டும்” என்றார். அவர் சொன்னதுதான் சரியான நோயறிதல். முதல் உலகப் போரில் தாடை சிதைந்த வீரர்களைத் தூக்குப்படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கொண்டுவந்தபோது பலர் வழியிலேயே மூச்சடைத்து இறந்தார்கள். அத்தகையோரை முன்னால் குனிந்த நிலையில் உட்கார வைத்தோ முகம் கீழ்நோக்கி இருக்குமாறோ கொண்டுவர வேண்டும் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதற்கு அந்த உயிர்கள் விலையாயின.

முகம் எப்படிச் சிதைந்திருந்தாலும் பார்க்கும் வரிசை மாறுவதில்லை. முதலில் மூச்சுப்பாதை; அதோடு சேர்த்துக் கழுத்து, ஏனெனில் முக எலும்பை முறிக்கும் அளவு விசை கழுத்தெலும்பையும் முறித்திருக்கக்கூடும். பிறகு சுவாசம், ரத்த ஓட்டம், அதன்பின் நினைவுநிலை. நினைவுநிலையை அளக்க, 1974ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ள கிளாஸ்கோ அளவுகோல் இருக்கிறது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டால் குறைந்தது 3, கூடுதலாக 15 வரும். 8 அல்லது அதற்குக் குறைந்தால் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று கருதி, குழாய் பொருத்தும் ஏற்பாட்டைத் தொடங்குவோம். அதுவும் வாய்வழியாகத்தான்; மண்டையோட்டின் அடித்தளம் விரிசல் விட்டிருக்கும் என்ற ஐயம் இருந்தால் மூக்கு வழியாக எந்தக் குழாயையும் கண்மூடித்தனமாகச் செலுத்தக் கூடாது. இவையெல்லாம் முடிந்த பின்பே முகத்தின் முறை வரும்.

உங்கள் தம்பியிடம் வாசலிலேயே யாராவது “உங்க பேர் என்ன, என்ன நடந்துச்சு?” என்று கேட்டிருப்பார்கள். அவர் முழு வாக்கியத்தில், தெளிவான குரலில் பதில் சொல்லியிருப்பார். மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்பதை அந்த ஒரு பதிலிலிருந்தே கேட்டவர் தெரிந்துகொண்டிருப்பார். உங்களுக்கு அது விசாரிப்பாகத் தோன்றியிருக்கும்; அது பரிசோதனை.

கேள்வி: பந்து பட்டு மூக்கில் ரத்தம் வந்தது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன்; தேவையில்லை என்று மறுத்துவிட்ட மருத்துவர், டார்ச் அடித்து இரண்டு துவாரங்களையும் வெகுநேரம் பார்த்தார். எலும்பைப் பார்க்காமல் துவாரத்தைப் பார்ப்பது ஏன்?

பதில்: முக எலும்புகளில் மிகக் குறைந்த விசையில் முறிவது மூக்கெலும்புதான். அது முறிந்திருக்கிறதா என்பதைவிட, வளைந்திருக்கிறதா, இரு பக்கமும் காற்று போகிறதா என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கும். அதற்கு எக்ஸ்ரே உதவாது. வீக்கம் வடிந்த பின், ஒரு வாரம் பத்து நாளுக்குள் பார்த்து, வளைவு இருந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். காத்திருக்க முடியாதது வேறொன்று.

இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தடுப்பு குருத்தெலும்பாலானது. அதற்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் ஊட்டம் வருகிறது. அடிபட்டுச் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே ரத்தம் தேங்கினால் ஊட்டம் அறுந்து, சில நாட்களில் குருத்தெலும்பு அழுகத் தொடங்கும். மூக்குத்தண்டின் நடுப்பகுதி சேணம்போலப் பள்ளமாகிவிடும். உள்ளே பார்த்தால் செந்நீலமாக, தொட்டால் மெத்தென்று அமுங்கும் புடைப்பு தெரியும். அப்படி இருந்தால் அன்றைக்கே கீறி ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அது இல்லை என்று உறுதிசெய்யத்தான் அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார். உங்களுக்கு வாய்த்தவர் நல்ல மருத்துவர்.

அடுத்த இரண்டு மூன்று நாட்களில் மூக்கு அடைப்பும் வலியும் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பச் செல்லுங்கள்.

கேள்வி: விளையாடும்போது இன்னொரு பையனின் முழங்கை என் பத்து வயது மகனின் கண்ணருகே இடித்தது. வீக்கம் இல்லை, கண் சிவக்கக்கூட இல்லை. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான், சோர்ந்து படுத்துவிட்டான். தலையில் அடி என்று மூளை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மேலே பார்க்க முடியவில்லை என்றான். கண் எலும்பு முறிந்திருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். வீக்கமே இல்லாமல் எப்படி முறியும்?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியை மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். கண்குழியின் தரை மிக மெல்லிய எலும்பு. அடி விழும்போது வளர்ந்தவர்களுக்கு அது உடைந்து கீழே விழுந்துவிடும். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சிபோல வளைந்து திறந்து, மீண்டும் படலென மூடிக்கொள்ளும்; மூடும்போது கண்ணைக் கீழ்நோக்கித் திருப்பும் தசையையும் அதைச் சுற்றியுள்ள திசுவையும் எலிப்பொறிபோல இடுக்கிக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. கண் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் குழந்தை மேலே பார்க்க முயலும்போதெல்லாம் சிக்கிய தசை இழுபட்டு, அந்த அனிச்சைச் செயலால் நாடித்துடிப்பு குறையும். குமட்டலும் வாந்தியும் வரும். வாந்தியும் சோர்வும் தலைக்காயத்தின் அறிகுறிகளும்கூட என்பதால் எல்லோருடைய கவனமும் மூளையின் பக்கம் திரும்பிவிடுகிறது. மூளைக்கென்று எடுக்கும் ஸ்கேனில் கண்குழியின் தரை சரியாகத் தெரியாமலும் போகலாம்.

கண்ணெதிரே ஒரு விரலை வைத்து, தலையை அசைக்காமல் அது போகும் பக்கமெல்லாம் பார்க்கச் சொன்னாலே இது பிடிபட்டுவிடும். சிக்கிய தசை ரத்த ஓட்டமின்றிச் செயலிழக்கும் என்பதால், ஓரிரு நாட்களுக்குள் விடுவிக்க வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட்டது சரியே. தரை உடைந்து, தசை சிக்காத வளர்ந்தவர்களுக்கு இந்த அவசரம் கிடையாது. வீக்கம் வடியும்வரை ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, அறுவை தேவையா என்றே முடிவு செய்யலாம்.

கண்ணைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் அடிபட்டு வருகிறவரின் பார்வையை இமைகள் வீங்கி மூடுவதற்குள் சோதித்தாக வேண்டும். பெரிய கருவி எதுவும் வேண்டாம்; எழுத்தைப் படிக்கிறாரா, விரலை எண்ணுகிறாரா, வெளிச்சமாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு கண்ணாகக் கேட்டுக் குறித்துவைத்தால் போதும். இமை வீங்கிவிட்டிருந்தால், விரலைக் கண்ணின்மீது அழுத்தாமல் எலும்பு விளிம்பில் ஊன்றி இமையை மெல்லத் திறக்க வேண்டும். கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் துளிபோல நீண்டிருந்தால் விழிக்கோளம் கிழிந்திருக்கிறது என்று பொருள். அதன்மீது பஞ்சு, கட்டு எதுவும் படக் கூடாது. கண்ணைத் தொடாமல் எலும்பில் அமரும் கெட்டியான மூடியை மட்டும் பொருத்தி, கண் அறுவை மருத்துவரிடம் அனுப்புவோம்.

கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கும்போது நிலைமை அதனினும் அவசரம். கண் பிதுங்கும், கல்போல இறுகும், வலி தாங்க முடியாது, பார்வை நிமிடத்துக்கு நிமிடம் மங்கும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் குறையாவிட்டால் விழித்திரையும் பார்வை நரம்பும் மீளாமல் போகலாம். அப்போது ஸ்கேனுக்கு அனுப்பிக் காத்திருப்பதற்கில்லை. மரப்பு ஊசி போட்டு, கண்ணின் வெளிமுனையை வெட்டி, கீழிமையைப் பிடித்திருக்கும் தசைநாணை அறுத்துவிட வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். அந்த வெட்டு பின்னர் நன்றாகவே ஆறிவிடும். போன பார்வை திரும்பாது.

கேள்வி: விபத்துக்குப் பிறகு மூக்கிலிருந்து தண்ணீர்போலச் சொட்டுகிறது. சளி என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். அடிபட்ட பின், குறிப்பாக ஒரே துவாரத்திலிருந்து, குனிந்தால் கூடுதலாக, உப்புக் கரிப்போடு சொட்டினால் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம்; மூக்கின் கூரையிலுள்ள எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். வெள்ளைத் துணியில் நடுவே ரத்தமும் சுற்றிலும் தெளிந்த வளையமும் தெரிந்தால் அதுதான் என்பார்கள். ரத்தத்தோடு கண்ணீரோ எச்சிலோ கலந்தாலும் அப்படி வளையம் வரும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அந்தத் திரவத்தில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பதே உறுதியான வழி. இரு கண்களைச் சுற்றியும் கண்மை பூசியதுபோல் கருத்திருந்தாலும், காதுக்குப் பின்னால் நீலம் பாய்ந்திருந்தாலும் இதே ஐயம் எழ வேண்டும். காதுக்குப் பின்னால் வரும் நீலம் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். மருத்துவரைப் பார்க்கும்வரை மூக்கைச் சிந்தாதீர்கள்.

கேள்வி: என் நண்பனுக்குத் தாடையில் குத்து விழுந்தது. மருத்துவர் நாக்கை அழுத்தும் மரக்குச்சியைக் கடிக்கச் சொல்லித் திருகினார். “எலும்பு முறிஞ்சிருக்கு, ஸ்கேன் எடுங்க” என்றார். ஸ்கேனும் அப்படியே சொன்னது. இது மந்திரமா, மருத்துவமா?

பதில்: மருத்துவம்தான், அதுவும் மலிவான மருத்துவம். கடைவாய்ப் பற்களுக்கு இடையே குச்சியை வைத்து இறுகக் கடிக்கச் சொல்லி, அது முறியும்வரை மருத்துவர் திருகுவார். தாடை நன்றாக இருந்தால் குச்சி சட்டென்று முறியும் சத்தம் கேட்கும்; மறுபக்கத்திலும் அப்படியே. முறிந்த தாடை உள்ளவர் வலி தாங்காமல் குச்சி முறியுமுன் வாயைத் திறந்துவிடுவார். இரண்டு பக்கமும் குச்சியை முறித்துவிட்டவருக்குத் தாடை முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அதற்கும் முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பல்லெல்லாம் முன்னே மாதிரியே சேருதா?” முறிவு மயிரிழை அளவு விலகியிருந்தாலும் கடியில் அது தெரிந்துவிடும், தன் கடி மாறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அதை முறிவாகவே எடுத்துக்கொள்வேன். கீழுதடு மரத்துப்போயிருந்தால் தாடைக்குள் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. நாக்கைத் தூக்கச் சொன்னால் அதன் அடியில் ரத்தக்கட்டு நீலமாகப் படர்ந்திருப்பதும் முறிவின் அடையாளம்.

கீழ்த்தாடை வளையம் போன்றது. ஓரிடத்தில் முறிந்தால் இன்னோரிடத்திலும் முறிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். மோவாயில் கிழிசலோடு வரும் குழந்தைக்கு இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுவது எளிது. ஆனால் மோவாயில் விழுந்த அடி தாடை வழியாக மேலேறிக் காதுக்கு முன்னாலுள்ள மூட்டை முறித்திருக்கலாம். அங்கே முறிந்ததைக் கவனிக்காவிட்டால் தாடையின் வளர்ச்சி ஒரு பக்கம் குன்றிப்போகவும் மூட்டு இறுகிப்போகவும் கூடும். எனவே மோவாய்த் தையல் என்றால், காதருகே விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லாமல் விடாதீர்கள் என்று இளம் மருத்துவர்களிடம் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

கேள்வி: கண்ணாடி குத்திக் கன்னம் கிழிந்தது. தையல் போடுவதற்கு முன் மருத்துவர் என்னைப் புருவம் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார். வலியில் துடிக்கிறவனிடம் இதென்ன வேடிக்கை என்று தோன்றியது.

பதில்: முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்கு முன்னால் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அவர் செய்யச் சொன்ன ஒவ்வொன்றும் ஒரு கிளையின் வேலை. இதை மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். ஊசி போட்ட பின் அசையாத உதடு, வெட்டுப்பட்டதால் அசையவில்லையா, மருந்தால் அசையவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணின் வெளிமுனையிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் காதுப் பக்கமாக நரம்பு அறுந்திருந்தால் தேடிப் பிடித்து இணைக்க வேண்டும். மூக்குப் பக்கமாக என்றால் அங்குள்ள கிளைகள் மிக நுண்ணியவை, பெரும்பாலும் தாமாகவே சரியாகும். அறுந்த நரம்பின் முனை மின்தூண்டலுக்கு ஏறத்தாழ 72 மணி நேரம்வரைதான் பதிலளிக்கும். அதற்குள் அறுவை அரங்குக்குப் போனால் முனையைக் கண்டுபிடிப்பது எளிது.

கன்னத்தின் நடுவே உமிழ்நீர்க் குழாய் ஒன்றும் ஓடுகிறது. காதின் முன்புறக் குமிழிலிருந்து மேலுதட்டின் நடுவரை ஒரு கோடு போட்டால், அதன் நடு மூன்றில் ஒரு பங்கில் அது இருக்கும். ஆழமான வெட்டு அந்தக் கோட்டைக் கடந்தால், மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே அது திறக்கும் இடத்தைப் பார்த்து, ரத்தம் வருகிறதா, எச்சில் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அது அறுந்தது தெரியாமல் தைத்துவிட்டால், உமிழ்நீர் உள்ளே தேங்கிக் கன்னம் வீங்கும், அல்லது தைத்த இடம் வழியாகக் கசியும்.

கிழிசலின் நீளம் இந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வருகிறது. நெற்றியில் நான்கு அங்குலக் கிழிசலை நிதானமாகத் தைக்கலாம். உதட்டுச் சிவப்பும் தோலும் சேரும் விளிம்பில் அரை அங்குலக் கிழிசல் என்றால் எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகிச் சேர்ந்தாலும் ஆயுள் முழுக்கத் தெரியும். புருவத்தை மட்டும் மழிக்க விடாதீர்கள்: தைக்கும்போது இரு ஓரங்களையும் சேர்க்க அதுதான் அளவுகோல்.

கேள்வி: தீக்காயத்துக்கு விழுக்காடு சொல்கிறார்கள். முகக் காயத்தின் தீவிரத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாதா?

பதில்: எண்கள் உண்டு, அவற்றை நம்பிப் படுக்கையருகே முடிவெடுப்பதில்லை. 1974இல் உருவான காயத் தீவிரக் குறியீட்டில் உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முகம் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுத்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள். உச்ச மதிப்பு 75; எந்தக் காயத்துக்காவது 6 விழுந்தால் கூட்டிப் பார்க்காமலே 75 என்று வைத்துவிடுவார்கள். இது உயிராபத்தை அளக்கும் குறியீடு. முகக் காயம் மட்டும் உயிரைப் பறிப்பது குறைவு என்பதால் முகத்துக்கு எப்போதும் சிறிய எண்தான் கிடைக்கும். ஒரு கண் பார்வை போனவரும், மெல்ல முடியாமல் மாதக்கணக்கில் நீராகாரத்தில் இருப்பவரும் இந்தக் கணக்கில் லேசான காயக்காரர்களே!

முறிவின் வடிவத்தைச் சொல்ல வேறொரு வகைப்பாடு இருக்கிறது. ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்தோரின் தலைகளில் அடி விழச் செய்து, முகத்தின் நடுப்பகுதி எந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று பார்த்து 1901இல் மூன்று கோடுகளை எழுதினார். இன்றும் கையாலேயே அதைச் சோதிக்கலாம். ஒரு கையால் மூக்கின் அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல்வரிசைப் பற்களை மெல்ல அசைத்தால், பல்வரிசை மட்டும் அசைவது முதல் வகை. மூக்கும் சேர்ந்து அசைவது இரண்டாம் வகை. கன்ன எலும்புகளோடு முகமே மண்டையிலிருந்து கழன்றதுபோல அசைவது மூன்றாம் வகை. விபத்தில் விசை சீராக விழுவதில்லை. வலப்பக்கம் ஒரு வகையும் இடப்பக்கம் வேறு வகையும் இருப்பதே அதிகம். இருந்தும், “மூன்றாம் வகை” என்று தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் மூச்சுப்பாதை, ரத்தப்போக்கு, மூளைத் திரவக் கசிவு மூன்றுக்கும் தயாராகிவிடுவார். அந்த வகைப்பாட்டின் பயன் அவ்வளவே, அது போதும். எலும்பின் முழு விவரத்துக்கு மென்துண்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் இருக்கிறது.

கேள்வி: கன்னத்தில் அடிபட்டுப் போனேன். ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். ஒன்றுமில்லை என்றால் எதற்கு மறுபடி?

பதில்: கன்ன எலும்பு உள்ளே அமுங்கினால் கன்னம் தட்டையாகும், ஆனால் சில மணி நேரத்தில் வீக்கம் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். வடிந்த பிறகு தலைக்குப் பின்னால் நின்று மேலிருந்து பார்த்தால்தான் இரு பக்கமும் ஒப்பிட முடியும். அதற்குள் கண்ணுக்குக் கீழேயும் மேலுதட்டிலும் மரத்துப்போனாலோ, வாய் திறக்கச் சிரமமாக இருந்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ வாரக் கணக்கைப் பார்க்காமல் போய்விடுங்கள்.

கேள்வி: குழந்தையின் முகத்தில் நாய் கடித்துவிட்டது. வடு விழுமே, உடனே தைக்க வேண்டாமா?

பதில்: வடுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தோலைக் கிழித்த கடி, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மூன்றாம், அதாவது மிகத் தீவிரமான வகை. முகத்தில் கடித்தால் வெறிநோய்க் கிருமி மூளையை அடையும் தூரமும் குறைவு. முதலில் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு இம்யூனோகுளோபுலின் மருந்தைப் புண்ணுக்குள்ளும் சுற்றிலும் செலுத்தி, அன்றைக்கே தடுப்பூசியையும் தொடங்க வேண்டும். தையல் போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த மருந்து இறங்கிய பிறகு, தளர்வாக. கைக்குழந்தை என்றால் பல் மண்டையோட்டைத் துளைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாடிப்படியில் இடறி விழுந்து கன்னத்தில் அடிபட்டது. என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, “வீட்டில் யாராவது அடித்தார்களா?” என்று மருத்துவர் கேட்டார். எங்கள் இருவரையும் அவமானப்படுத்தியதுபோல் இருந்தது.

பதில்: உங்களுக்கு வருத்தம் தந்ததற்காக அந்த மருத்துவரின் சார்பில் நான் வருந்துகிறேன், கேட்டதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். இடறி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். உள்ளங்கை, முழங்கால், நெற்றி, மூக்கு, மோவாய் என்று துருத்திய இடங்களில் அடிபடும். கன்னத்திலும் கண்ணோரத்திலும் மட்டும் அடி, வேறெங்கும் சிராய்ப்பில்லை என்றால் கேட்காமல் இருக்க முடியாது. கழுத்தில் விரல் தடம் இருந்தால், குரல்வளை வீங்கி மணிக்கணக்கில் கழித்தும் மூச்சை அடைக்கும் என்பதால் அதுவே தனி அவசரம். அடித்தவரே பக்கத்தில் நின்றால் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்வதில்லை. யார் அடித்தவர், யார் அன்புடன் அழைத்து வந்தவர் என்று முகத்தைப் பார்த்து எங்களால் பிரிக்கவும் முடியாது. ஆகவே எல்லோரையும் தனியாகக் கேட்கிறோம்.

கேள்வி: பல் வேரோடு விழுந்துவிட்டால் எடுத்துக்கொண்டு போவதில் பயனுண்டா?

பதில்: நிரந்தரப் பல் என்றால் நிச்சயமாக உண்டு. வேரைத் தொடாமல் பல்லின் தலைப்பகுதியைப் பிடியுங்கள். அழுக்காக இருந்தால் தேய்க்காமல் சில நொடிகள் நீரில் அலசி, வந்த குழியிலேயே அப்போதே பொருத்தி, சுத்தமான துணியை மெல்லக் கடித்துக்கொண்டு புறப்படுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் உலர்ந்துபோன பல்லின் வேரிலுள்ள உயிரணுக்கள் பிழைப்பது அரிது. பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் பல் கெடும். விழுந்த பல் கிடைக்கவேயில்லை என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மயங்கிக் கிடந்தவரின் பல்லை நுரையீரலில் எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடித்திருக்கிறோம்.